அடம் பிடிக்கும் நேரத்தைக் குறித்து வையுங்கள்

குழந்தை நலம்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது, யுகேஜி படிக்கிறான். இவனைப் போல் அமைதியான பிள்ளை வகுப்பிலேயே இல்லை என்று ஆசிரியை சொல்கிறார். ஆனால் மாலை நான்கு மணிக்கு வேனை விட்டு இறங்கியதும் ஷூவைக் கழற்றி எறிகிறான். இரண்டு வயதுத் தங்கையை அடிக்கிறான். ஏன் என்று கேட்டால் தரையில் படுத்துக் கைகாலை உதைத்து அரை மணி நேரம் அழுகிறான். மதியச் சாப்பாட்டு டப்பா பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வருகிறது. என் கணவர் ஜவுளிக்கடையைப் பூட்டிவிட்டு வர இரவு பத்து மணியாகும். அப்பாவைப் பார்க்காமல் படுக்க மாட்டேன் என்பதால் இவன் உறங்கப் பத்தே முக்கால் ஆகிவிடுகிறது. காலை ஆறரைக்கு எழுப்பிவிடுகிறேன். இரண்டு அடி போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்ல வேண்டுமா?
வாசகி, ஈரோடு

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சாப்பாட்டு டப்பாவைப் பற்றியும் உறங்கும் நேரத்தைப் பற்றியும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அங்கேயே இருக்கிறது.

முதலில் உறக்கத்தைப் பார்ப்போம். மூன்று முதல் ஐந்து வயதுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. பத்தே முக்காலிலிருந்து ஆறரை வரை கணக்கிட்டால் உங்கள் மகனுக்கு எட்டு மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. பள்ளியில் பகல் தூக்கமும் இருக்காது. உறக்கம் போதாத பெரியவர்கள் சோர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். குழந்தைகளில் பலர் அதற்கு நேர்மாறாக ஓடுவார்கள், கத்துவார்கள், கையில் கிடைத்ததை எறிவார்கள். அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஆட்டம் போடுகிறவனுக்குத் தூக்கம் எதற்கு என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

அடுத்தது பசி. ஐந்து வயதையொட்டிய பருவத்தில் உடல் செலவிடும் மொத்த ஆற்றலில் 40 விழுக்காட்டுக்கும் மேல் மூளையே எடுத்துக்கொள்கிறது. நண்பகலில் அரைவயிறாகச் சாப்பிட்ட பிள்ளை நான்கு மணி வரை வேறு எதுவும் உண்ணாமல், வெயிலில் வேனிலும் அமர்ந்து வந்தால், தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் தெம்பு அவனிடம் எஞ்சியிருக்காது. தண்ணீர்ப் பாட்டிலையும் திறந்து பாருங்கள். பள்ளிக் கழிப்பறை பிடிக்காத பிள்ளைகள் அங்கே போக நேரக்கூடாது என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவதும், சிறுநீரையும் மலத்தையும் மணிக்கணக்கில் அடக்கி வைத்திருப்பதும் நான் அடிக்கடி கேட்கும் செய்திகள். மலச்சிக்கலால் வயிறு இறுகிப்போன ஒரு குழந்தையிடம் நல்ல குணத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பள்ளியில் அமைதியாக இருப்பவன் வீட்டில் மட்டும் ஏன் இப்படிச் செய்கிறான் என்ற உறுத்தல் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. உணர்ச்சிகளை அடக்கி ஆளும் வேலையில் பெரும்பங்கு மூளையின் முன்பகுதியைச் சேர்ந்தது. அது முழு வளர்ச்சி அடைய இருபத்தைந்து வயதாகும். ஐந்து வயதில் அவன் பகல் முழுவதும் வரிசையில் நின்று, வாயை மூடி, கையைக் கட்டி உட்கார்ந்து அந்தச் சிறு வலிமையைச் செலவழித்துவிடுகிறான். பிறகு, அழுதாலும் தன்னைத் தள்ளிவிட மாட்டார்கள் என்று நம்புகிற இடத்தில் வந்து உடைகிறான். உங்களிடம் மட்டும் அழுவதை உங்கள் வளர்ப்பின் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வேன் வந்து நிற்கும் இடத்துக்கே ஒரு வாழைப்பழத்தோடும் தண்ணீரோடும் போங்கள். வீடு வந்து சேரும்வரை வீட்டுப்பாடம் என்ன, டப்பாவில் ஏன் மீதி என்ற கேள்விகள் எதுவும் வேண்டாம். வந்ததும் கழிப்பறை, முகம் கை கால் கழுவுதல், பிறகு இட்லியோ சுண்டலோ அவன் விரும்பும் நிறைவான சிற்றுண்டி. அதன்பின் அரை மணி நேரமாவது ஓடியாட விட்டுவிட்டுப் பாடப் புத்தகத்தை எடுக்கலாம். இரவுப் படுக்கை நேரத்தை ஒரே நாளில் மாற்ற முடியாது; சில நாட்களுக்கு ஒரு முறை கால் மணி நேரம் முன்னே நகர்த்தி, எட்டரை மணிக்குக் கொண்டுவாருங்கள். படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம் கைபேசி, தொலைக்காட்சி இரண்டுமே கூடாது. அப்பாவைப் பார்க்க வேண்டும் என்பதும் அவனுக்கு உண்மையான தேவைதான், ஆகவே அதைப் பறித்துவிடாமல் காலைக்கு மாற்றுங்கள். குளிப்பாட்டுவதும் வேன் ஏற்றிவிடுவதும் உங்கள் கணவரின் பொறுப்பாகட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் அவன் தங்கையை அடிக்க ஓங்கினால், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "பசிக்குதா கண்ணு? சாப்பிடலாம் வா. பாப்பாவை அடிக்கக் கூடாது" என்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். பசியையும் ஒப்புக்கொள்ள வேண்டும், அடிப்பதற்கும் இடம் கொடுக்கக் கூடாது. உங்கள் மாமியார் சொல்லும் இரண்டு அடி அழுகையை நிறுத்தக்கூடும். ஆனால் பயந்து வாயை மூடும் பிள்ளையின் பசியும் அசதியும் அப்படியேதான் இருக்கும். அடுத்த நாள் நான்கு மணிக்கு அவை மீண்டும் வெளியே வரும்.

இரண்டு மூன்று வாரம் இப்படி நடத்தியும் மாற்றம் இல்லாவிட்டாலோ, இரவில் வாயைத் திறந்து குறட்டை விட்டாலோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலோ, முன்பு பேசிய பேச்சு குறைந்தாலோ குழந்தை மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். தொடர்ந்து குறட்டை விடும் குழந்தைகளில் சிலருக்கு தொண்டைச் சதையும் (டான்சில்) மூக்கின் பின்புறச் சதையும் வீங்கி, எத்தனை மணி நேரம் படுத்தாலும் ஆழ்ந்த உறக்கம் கிடைக்காமல் போவதுண்டு.

கேள்வி: மூன்று வயது மகள் எந்நேரமும் சிணுங்கிக்கொண்டே இருக்கிறாள். சோறு இறங்குவதில்லை, ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர் பால் குடிக்கிறாள். சுவரைச் சுரண்டித் தின்கிறாள். குணமே இப்படியா?
வாசகி, திருநெல்வேலி

பதில்: குணத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் இரத்தத்தைப் பரிசோதியுங்கள். சுவரையும் மண்ணையும் தின்பது, ஓயாத எரிச்சல், பால் மட்டும் குடிப்பது ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் இரும்புச்சத்துக் குறைவைத்தான் முதலில் நினைக்க வேண்டும். இது அரிதான நோயும் இல்லை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் இந்திய அளவில் 67.1 விழுக்காட்டினருக்கும் தமிழ்நாட்டில் 57.4 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. உங்கள் மகளின் வயதில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை என்று கொள்கிறோம்.

பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அது வயிற்றை நிரப்பிவிடுவதால் சோறும் கீரையும் உள்ளே போக வழியில்லை. பாலை இரண்டு டம்ளருக்குள் நிறுத்துங்கள். சாப்பாட்டுக்கு முன் கொடுக்காதீர்கள். முருங்கைக்கீரை, முட்டை, பயறு, கேழ்வரகு கொடுக்கும்போது கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். தேநீர் அதைத் தடுக்கும். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய தேசியக் குடற்புழு நீக்க நாட்களையொட்டி அங்கன்வாடியில் கொடுக்கப்படும் மாத்திரையைத் தவறவிடாதீர்கள். இரும்புச்சத்து மருந்தை மட்டும் நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். அளவு மீறினால் அது நஞ்சு. வீட்டில் இருந்தால் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

கேள்வி: நாங்கள் ஐந்து பிள்ளைகளை வளர்த்தோம். இப்படி அழும்போதெல்லாம் ஓடிப்போய்த் தாங்கினால் பேரப்பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா?
வாசகர், மதுரை

பதில்: ஐயா, நீங்கள் பிள்ளை வளர்த்த காலத்தில் விளக்கு வைத்ததும் சோறு போட்டு, எட்டு மணிக்குள் படுக்க வைத்திருப்பீர்கள். தெருவில் ஓடியாட இடம் இருந்தது. அழுதால் தூக்க அத்தையோ பாட்டியோ இருந்தார்கள். இன்று நாங்கள் மருத்துவமனையில் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் அதைத்தான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் உங்கள் மதுரையில்தான் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்குப் பாடம் நடத்துவதற்கு முன் பொங்கலோ உப்புமாவோ கொடுப்பதை எவரும் செல்லம் என்று சொல்லவில்லை.

உங்கள் கவலையில் ஒரு நியாயம் இருக்கிறது. உணவு, உறக்கம், அணைப்பு ஆகியவற்றைக் கேட்காமலேயே கொடுக்க வேண்டும். கடையில் பார்த்த மூன்றாவது பொம்மைக் காருக்காக அழுதால் வாங்கித் தர வேண்டியதில்லை. அழுகை ஓயும்வரை திட்டாமல் பக்கத்தில் நின்றுவிட்டு, காரை வாங்காமலேயே வீட்டுக்குக் கூட்டி வாருங்கள்.