ஆரஞ்சு ஒயரும் 120 என்ற பலகையும்

(பெங்களூரு அல்சூரில் மின்சாரக் கார்களுக்குப் பட்டறை நடத்தும் ஆட்டோ எலக்ட்ரீஷியன், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

ஒயிட்ஃபீல்டிலிருந்து சென்னைக்கு எலக்ட்ரிக் காரில் போனோம். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு சார்ஜரில் 120 கிலோவாட் என்று பலகை. சார்ஜர் கன்னைச் செருகினால் திரையில் 48தான் காட்டியது. பக்கத்தில் வேறு வண்டியும் இல்லை. ஏமாற்றுகிறார்களா? படம் அனுப்பியிருக்கிறேன். – ஒரு வாசகர், ஒயிட்ஃபீல்ட்

ஏமாற்றவில்லை ஐயா. பலகையில் இருப்பது அந்த மெஷின் அதிகபட்சம் கொடுக்கக்கூடியது. பந்தியில் அண்டா நிறைய சாம்பார் இருந்தாலும், இலைக்கு வருவது நாம் கேட்கிற கரண்டிதானே. இங்கே கேட்பது கார். கன் செருகியதும் காரில் பேட்டரியைக் கண்காணிக்கும் கம்ப்யூட்டரான பி.எம்.எஸ். 'எனக்கு இத்தனை ஆம்பியர் போதும்' என்று சார்ஜரிடம் சொல்லும். அதற்கு மேல் சார்ஜர் தள்ளாது.

விடை உங்கள் படத்திலேயே இருக்கிறது. மூலையில் சின்ன எழுத்தில் 325 வோல்ட், 148 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 48,100 வாட். உங்கள் பேட்டரி 300 சொச்சம் வோல்ட் ரகம். மெஷினும் கேபிளும் 200 ஆம்பியர் வரைக்கும் தாங்கும் என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் 65 கிலோவாட்தான். 120-ஐ இந்த கார் என்றைக்கும் பார்க்காது.

சரி, ஆம்பியரை ஏற்றிவிட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். ஒரே கம்பியில் ஆம்பியர் இரட்டித்தால் சூடு இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்காகும். கம்பியைத் தடியாக்கிக்கொண்டே போனால் கன்னைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதனால்தான் சில கம்பெனிகள் வோல்ட்டை ஏற்றின. 2019-ல் வந்த போர்ஷே டைகான் 800 வோல்ட். 2023-ல் நம் ஊரில் விற்பனைக்கு வந்த ஹூண்டாய் அயோனிக் 5-ம் அதே ரகம். அதே 200 ஆம்பியர், 700 வோல்ட் என்றால் 140 கிலோவாட் ஆகிவிடுகிறது. அயோனிக்குக் கம்பெனி சொல்லும் கணக்கு, 350 கிலோவாட் சார்ஜரில் 10 சதவீதத்திலிருந்து 80-க்கு 18 நிமிடம். அந்த சார்ஜர் வழியில் அகப்பட வேண்டும், அது வேறு கதை!

500 வோல்ட்டோடு நின்றுவிடும் பழைய சார்ஜரில் இந்த வண்டியைச் செருகினால் என்ன ஆகும் என்று பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். அயோனிக் அதற்கு ஒரு வித்தை வைத்திருக்கிறது. ஓட்டுவதற்கு இருக்கிற மோட்டாரையும், பேட்டரி கரன்டை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரையுமே வைத்து உள்ளே வோல்ட்டை ஏற்றிக்கொள்ளும். படித்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது எனக்கு.

இரண்டு கன் உள்ள மெஷினில் பக்கத்து வண்டி வந்து செருகினால் பல இடங்களில் பாதிப் பாதியாகப் பிரித்துவிடும். பேட்டரி 80 சதவீதம் தாண்டினால் எந்த வண்டியிலும் சார்ஜ் ஏறும் வேகம் இறங்கிவிடும். அதற்கு மேல் காத்திருக்காமல் காபியை முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பானெட்டைத் திறந்து பிரஷர் பைப்பால் உள்ளே அடிக்கிறார். ஆரஞ்சு நிற ஒயர் பார்த்தாலே எனக்கு பயம். ஷாக் அடிக்காதா? – ஒரு வாசகி, விவேக் நகர்

பைப்பை முதலில் வாங்கி வையுங்கள் அம்மா. ஆனால் நீங்கள் பயப்படுகிற மாதிரி உடனே ஷாக் அடித்துவிடாது. நாங்களெல்லாம் 'நெகட்டிவ் என்றால் பாடி', அதாவது மைனஸ் ஒயர் காரின் இரும்பு உடம்போடு சேரும் என்று படித்து வளர்ந்தவர்கள். 12 வோல்ட்டுக்கு அது சரி. பெரிய பேட்டரியின் கரன்ட் ஓடும் ஆரஞ்சு ஒயரில் ப்ளஸ், மைனஸ் இரண்டுமே பாடியைத் தொடாது. பாடிக்குக் கரன்ட் கசிகிறதா என்று கார் தானே பார்த்துக்கொண்டிருக்கும். கனெக்டரைக் கழற்றினால் உள்ளே இருக்கும் சின்ன சிக்னல் ஒயர் அறுபட்டு, பேட்டரி தன்னைத் துண்டித்துக்கொள்ளும். உங்கள் வீட்டுக்காரர் அடிக்கிற தண்ணீர் ஏதாவது கனெக்டருக்குள் புகுந்தால் திங்கட்கிழமை காலை எச்சரிக்கை விளக்கோடு வண்டி நின்றுவிடும். ஈரத்துணி போதும்.

இத்தனை பாதுகாப்பு இருந்தும் நாங்கள் எப்படித் தொடுகிறோம் என்று கேளுங்கள். மோதிரம், வாட்ச், அரைஞாண் கயிற்றில் வெள்ளி இருந்தால் அதுவும் கழற்ற வேண்டும். ரப்பர் கையுறை 1000 வோல்ட் தாங்குவது. போடுவதற்கு முன் அதன் வாயைச் சுருட்டிக் காற்றை விரல்களுக்குள் அடைத்து, கன்னத்தருகே வைத்து அழுத்துவோம். ஊசி முனை ஓட்டை இருந்தாலும் கன்னத்தில் சிலீரென்று படும். பெரிய பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவிய பிறகு 10 நிமிடம் சும்மா உட்கார வேண்டும், இன்வெர்ட்டரில் தேங்கிய கரன்ட் வடிய. அப்புறம் மீட்டர். முதலில் தெரிந்த பேட்டரியில் வைத்து மீட்டர் வேலை செய்கிறதா என்று பார்த்து, காரில் வைத்து, மறுபடி அதே பேட்டரியில் வைத்துப் பார்ப்போம். என்னிடம் இருக்கிற மர்பி டவுன் பையன் அந்த 10 நிமிடத்தில் டீ வாங்கப் போவான். சீக்கிரம் திரும்பி வந்தால் திட்டு விழும்.

60 சதவீதம் சார்ஜ் இருந்தது. காலையில் கதவே திறக்கவில்லை. எப்படி? – ஒரு வாசகர், இந்திரா நகர்

12 வோல்ட் பேட்டரி போயிருக்கும். பெரிய பேட்டரியைக் காரோடு இணைக்கும் கான்டாக்டர் என்ற சுவிட்சை இழுப்பது அந்தச் சின்ன பேட்டரிதான். ஸ்டார்ட் பண்ணும்போது 'டக், டக்' என்று கேட்குமே, அதுதான். எனக்கு வந்த முதல் எலக்ட்ரிக் காரில் இதே கோளாறு. நான் லேப்டாப்பை மாட்டி அரை நாள் இன்வெர்ட்டரைச் சந்தேகப்பட்டேன். ஜே.சி. ரோட்டில் 18 வயதில் பழகிய முதல் பாடம், 'பேட்டரியைப் பாருடா' என்பது. அதை மறந்ததற்கு அன்று யாரிடமும் காசு வாங்கவில்லை.

தினமும் ஃபாஸ்ட் சார்ஜ் போட்டால் பேட்டரி கெடுமா? – ஒரு வாசகி, எச்.எஸ்.ஆர். லேஅவுட்

தினமும் வேண்டாம், பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் 15 ஆம்பியர் பாயிண்ட் இருந்தால் மணிக்கு 3.3 யூனிட், ராத்திரி 8 மணி நேரத்தில் 26 யூனிட் ஏறும். ஊருக்குள் ஓட்டுவதற்கு தாராளம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக மட்டும் போடாதீர்கள். அப்படிப் போட்டுக் கருகிய சாக்கெட்டுகள் இரண்டு என் மேசை மேல் இருக்கின்றன, பேப்பர் வெயிட்டாக.