தொட்டியைக் காலி செய்தும் கொசுப்புழு திரும்ப வருவது ஏன்?

வாசகர் கேள்வி: மழையே இல்லாத மாதங்களிலும் எங்கள் தெருவில் டெங்கு வருகிறது. தண்ணீர் தினமும் வராததால் டிரம்மிலும் சிமென்ட் தொட்டியிலும் பிடித்து வைக்கிறோம். வாரம் ஒருமுறை காலி செய்துதான் நிரப்புகிறோம். புகை மருந்தும் அடிக்கிறார்கள். ஆனாலும் புழு வருகிறது. எங்கே தவறு?

பதில்: நீங்கள் தண்ணீரை மாற்றுகிறீர்கள், முட்டை சுவரில் இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமாக இருக்கும் பக்கச்சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கருப்பு முட்டைகள். பார்த்தால் அழுக்குப் புள்ளி என்றே தோன்றும். தொட்டி காய்ந்து கிடந்தாலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மறுபடி நீர் ஏறி நனைத்ததும் பொரிந்துவிடும். வெப்பமான காலத்தில் 7 முதல் 10 நாளில் கொசுவாகிப் பறக்கும்.

மழை இல்லாமலும் டெங்கு வருவதற்குக் காரணமும் இதுதான். வறட்சியில் குட்டைகள் வற்றினாலும் வீட்டுக்குள் சேமிப்புப் பாத்திரங்கள் பெருகுகின்றன. ஏடிஸுக்குக் குளமோ சாக்கடையோ வேண்டாம். நிழலில் அசையாமல் நிற்கும் தெளிந்த நீர் போதும். வெயில் புழுவின் வளர்ச்சியை வேகப்படுத்துகிறது, அது வளர இடத்தை நாம் கொடுக்கிறோம்.

புகை மருந்து அந்த நேரத்தில் பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். முட்டைக்கும் புழுவுக்கும் ஒன்றும் ஆகாது. வீட்டுக்குள் அலமாரிக்குப் பின்னும் கட்டிலுக்கு அடியிலும் தங்கும் ஏடிஸிடம் தெருப் புகை பெரும்பாலும் போய்ச் சேருவதே இல்லை.

ஆகவே, தேய்க்க வேண்டும். தண்ணீரை இறைத்துக் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். பிளீச்சிங் திரவத்தோடு கொஞ்சம் சோப்புத்தூள் சேர்த்துக் குழைத்து, கையுறை போட்டுக்கொண்டு, உட்சுவர் முழுக்க, முக்கியமாகப் பழைய நீர்க்கோட்டுக்கு மேலே, பூசுங்கள். சோப்பு சேர்ப்பது கலவை வழிந்து ஓடாமல் சுவரில் நிற்பதற்காக. 10 முதல் 15 நிமிடம் ஊறவிட்டு, கடினமான பிரஷால் அழுத்தித் தேய்த்து, வாடை போகும்வரை அலசுங்கள். ஆசிட் உள்ள கழிவறைத் திரவத்தை இதனோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். வெறும் துணியால் துடைப்பதும் போதாது, முட்டை அவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்கும். இதை 7 நாளுக்கு ஒருமுறை, தள்ளிப்போடாமல் செய்ய வேண்டும்.

காலி செய்யவே முடியாத பெரிய தொட்டி என்றால் இடைவெளி இல்லாத மூடி போடுங்கள், அல்லது 1.2 மில்லிமீட்டருக்கு மேல் கண் இல்லாத வலையை இறுக்கிக் கட்டுங்கள். பாதி திறந்த மூடி நிழல் தருவதால் கொசுவுக்கு அது இன்னும் வசதி. புழுவைக் கொல்லும் டெமிஃபாஸ் 1 சதவீத மணல் மருந்து கிடைத்தால் 100 லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் மணல், அதாவது லிட்டருக்கு 1 மில்லிகிராம் டெமிஃபாஸ். அதற்கு மேல் வேண்டாம். கொள்ளளவு தெரியாமல் கைப்பிடி அள்ளிப் போடுவதால்தான் அளவு தப்புகிறது. ஃப்ரிட்ஜின் பின்தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, ஏர்கூலர், பழைய டயர் இவற்றையும் அதே நாளில் பாருங்கள். ஒரு பெண் கொசு ஒரு தடவை இடும் சுமார் 100 முட்டைகளைப் பல பாத்திரங்களில் பிரித்து வைக்கும்.

ஏடிஸ் கொசு பெரும்பாலும் 100, 200 மீட்டருக்குள்ளேயே சுற்றும். எனவே உங்கள் வீடு மட்டும் சுத்தமானால் பாதி வேலைதான் முடியும். தெரு முழுக்க ஒரே நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். 1901இல் கியூபாவின் ஹவானாவில் கோர்கஸ் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் இதே கொசு பரப்பிய மஞ்சள் காய்ச்சலை ஒழித்தபோது, வீடு வீடாகப் போய்த் தண்ணீர்ப் பாத்திரங்களைச் சோதிப்பதுதான் வேலையின் மையமாக இருந்தது.

யாருக்காவது காய்ச்சல் வந்தால், முதல் 5 நாளாவது பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். ஏடிஸ் பகலில் கடிக்கும். அந்த நாட்களில் நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் மிகுந்திருக்கும். அவரைக் கடித்த கொசு 8 முதல் 12 நாள் கழித்து அடுத்தவருக்குப் பரப்பத் தொடங்கும்.

தேய்த்த ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பாருங்கள். நெளியும் புழு இருந்தால் சுவரில் எங்கோ விடுபட்டிருக்கலாம். காற்புள்ளி போல வளைந்த கூட்டுப்புழு இருந்தால் இரண்டு நாளில் அது கொசு. அந்தத் தண்ணீரை அப்போதே கொட்டிவிடுங்கள்.