போவா ஈற்றில் தந்தை யார்? ஒரு சன்குளோ குட்டி எழுப்பும் சந்தேகம்

கேள்வி: பெரம்பூரில் வீட்டிலேயே போவா (குட்டி ஈனும் ஒரு வகைப் பெரிய பாம்பு) வளர்க்கிறேன். என்னிடமுள்ள பெண் பார்வைக்குச் சாதாரண நிறம். அதன் தந்தை அல்பினோ (கருநிறமி இல்லாதது) என்று சொல்லித்தான் விற்றார்கள். கார்த்திகையில் அதை ஒரு ஹைப்போ (கருநிறம் குறைந்த) ஆணுடனும், மார்கழிக் கடைசியிலிருந்து தை முடியும்வரை ஓர் அல்பினோ ஆணுடனும் விட்டேன். இரண்டுடனும் இணைந்ததை நேரில் பார்த்தேன். முந்தைய ஆண்டு நண்பரின் மோட்லி (முதுகுக் கோலம் மாறிய) ஆணுடன் விட்டபோது குட்டி எதுவும் கிடைக்கவில்லை. பங்குனிக் கடைசியில் சட்டை உரித்து, ஆடியில் 19 குட்டிகளை ஈன்றது: ஹைப்போ 5, அல்பினோ 6, சாதாரணம் 7, சன்குளோ (ஹைப்போவும் அல்பினோவும் சேர்ந்தது) 1. சன்குளோவுக்கு ஹைப்போ ஒரு தந்தையிடமிருந்தும் அல்பினோ மற்றவரிடமிருந்தும் வந்திருக்குமா? ஹைப்போவுடன் விட்டு எட்டு மாதம் கடந்துவிட்டதால் எல்லாமே அல்பினோவின் குட்டிகள்தாம் என்கிறார் நண்பர். சாதாரணக் குட்டிகளை ‘100 சதவீத ஹெட் அல்பினோ’ (அல்பினோ மரபணுவை நிச்சயமாக மறைவாகச் சுமப்பவை) என்று எழுதிக் கொடுக்கலாமா?

பதில்: எழுதிக் கொடுக்க வேண்டாம். இப்போது உங்கள் கையில் உள்ள தகவலை வைத்து நேர்மையாக எழுதக்கூடியது ‘50 சதவீத ஹெட்’ என்பது மட்டுமே. அது ஏன் என்பதைப் பார்ப்பதற்கு முன்பு, உங்கள் நண்பரின் கணக்கைச் சரிசெய்துவிடலாம்.

போவாவின் சூல் காலத்தை இணைந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. கருமுட்டை வெளியேறிய நாளிலிருந்து எண்ண வேண்டும். முட்டைகள் வெளியேறும்போது உடலின் நடுப்பகுதி ஒரு நாளளவு பெரிதாக உப்பித் தெரியும். பலரும் இதைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள். அதன்பின் ஏறத்தாழ இரண்டு, மூன்று வாரங்களில் பாம்பு சட்டை உரிக்கும். அந்தச் சட்டையிலிருந்து பொதுவாக 100 முதல் 120 நாட்களுக்குள் குட்டிகள் பிறக்கும். நீங்கள் குறித்து வைத்திருக்கும் பங்குனிக் கடைசிச் சட்டையும் ஆடிப் பிறப்பும் இதற்கு நன்றாகப் பொருந்துகின்றன. ஆகவே, முட்டைகள் வெளியேறியது பங்குனியின் முற்பகுதியிலோ நடுவிலோதான் இருக்க வேண்டும். அப்படியானால், தை முடிவில் பிரித்து எடுத்த அல்பினோவின் விந்தணுக்களும் ஒரு மாதமாவது பெண்ணின் உடலுக்குள் காத்திருந்துதான் கருவுறச் செய்திருக்க முடியும். ஒரு மாதம் காத்திருக்க முடிந்தால் மூன்று மாதமும் காத்திருக்க முடியும். பெண் பாம்பின் கருமுட்டைக் குழாயின் சுவரில் உள்ள நுண்ணிய குழிகளும் சுரப்பிக் குழல்களும் விந்தணுக்களை உயிரோடு வைத்திருக்கின்றன. குளிர் மாதங்களில் இணைந்து கோடைத் தொடக்கத்தில் கருவுறும் போவாவுக்கு இது விதிவிலக்கல்ல, வழக்கமான ஏற்பாடு. கடைசியாக வந்த ஆணுக்கே முன்னுரிமை என்று சொல்லவும் உறுதியான அடிப்படை இல்லை. கார்ட்டர் பாம்புகளிலும் ஐரோப்பிய விரியனிலும் ஒரே ஈற்றில் பல தந்தையரின் குட்டிகள் கலந்திருப்பது மரபணுச் சோதனையால் உறுதியாகியிருக்கிறது. ஆக, தேதியை மட்டும் வைத்து உங்கள் ஹைப்போவை விலக்கிவிட முடியாது.

இனி சன்குளோவுக்கு வருவோம். உங்கள் கேள்வியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. ஓர் ஈற்றுக்கு இரண்டு தந்தையர் இருக்கலாம், ஆனால் ஒரு குட்டிக்கு ஒரே தந்தைதான். ஒரு முட்டையின் உட்கருவோடு இணைவது ஒரே விந்தணு என்பதால், ஹைப்போவை ஓர் ஆணும் அல்பினோவை இன்னோர் ஆணும் கொடுத்து ஒரு சன்குளோ உருவாக வழியே இல்லை. ஹைப்போ மரபணு ஒரு படி (நகல்) இருந்தாலே வெளியே தெரியும். உங்கள் பெண் ஹைப்போ அல்ல; எனவே அந்தக் குட்டியின் ஹைப்போ மரபணு தந்தையிடமிருந்துதான் வந்திருக்கிறது. அல்பினோ ஒடுங்கு பண்பு, தாயிடமிருந்து ஒரு படி, தந்தையிடமிருந்து ஒரு படி வேண்டும். அதாவது, அந்த ஒரே தந்தை ஹைப்போ, அல்பினோ இரண்டையும் கொடுத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஆண் உங்களிடம் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. எனவே மூன்றில் ஒன்று உண்மையாக இருக்க வேண்டும்.

முதலாவது, அந்தக் குட்டி சன்குளோவே அல்ல, நிறம் தெளிவாக அமைந்த ஓர் அல்பினோ. பிறந்த உடனே பார்த்துப் பெயர் வைத்திருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். முதல் சட்டை உரிந்த பிறகு, பகல் வெளிச்சத்தில், முதுகுப் பட்டைகளின் விளிம்பையும் வாலுக்கு அருகிலுள்ள சிவந்த பட்டைகளையும் மற்ற ஆறு குட்டிகளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹைப்போ கலந்த குட்டியில் அந்த விளிம்பின் ஊதா சாயல் குறைந்து பட்டைகள் துலக்கமாகத் தெரியும். இரண்டு மூன்று சட்டைகள் உரியும்வரை பொறுத்திருப்பது இன்னும் நல்லது.

இரண்டாவது, உங்கள் ஹைப்போ ஆண் மறைவாக அல்பினோவைச் சுமக்கிறது. இது உண்மையானால் இந்த ஈற்றுக்கு இரண்டாவது தந்தையே தேவைப்படாது. ஹைப்போ மரபணு ஒரு படியும் அல்பினோ ஒரு படியும் கொண்ட ஆண், அல்பினோவைச் சுமக்கும் சாதாரணப் பெண்ணுடன் சேர்ந்தால், எட்டில் மூன்று ஹைப்போ, மூன்று சாதாரணம், ஒன்று அல்பினோ, ஒன்று சன்குளோ என்ற விகிதத்தை எதிர்பார்க்கலாம். 19 குட்டிகளில் அல்பினோ வகை ஐந்துக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டிய இடத்தில் ஏழு வந்திருக்கிறது, ஹைப்போ வகை ஒன்பது, பத்து வர வேண்டிய இடத்தில் ஆறு வந்திருக்கிறது. இவ்வளவு சிறிய ஈற்றில் இந்த அளவு ஏற்ற இறக்கம் வியப்புக்குரியதல்ல.

மூன்றாவது, அல்பினோ என்று நீங்கள் வாங்கிய ஆண்தான் உண்மையில் சன்குளோ. விற்பனையில் இத்தகைய குழப்பம் அரிதல்ல. அந்த ஆணிடம் ஹைப்போ ஒரு படி இருந்தால் நான்கு வகைக் குட்டிகளும் கால் பங்கு வீதம் பிறக்க வேண்டும். உங்கள் எண்ணிக்கை அதற்கும் முரணாக இல்லை. அந்த ஆணின் பட்டை விளிம்புகளையும், கிடைத்தால் அதன் பெற்றோரின் படங்களையும் பாருங்கள்.

இரண்டு தந்தையர் என்ற முடிவுக்கு எல்லோரும் ஆசையோடு ஓடுகிறார்கள், ஏனெனில் அது சுவையான கதை. ஆனால் உங்கள் ஈற்றில், மேற்கண்ட இரண்டாவது, மூன்றாவது விளக்கங்களில் எது உண்மையானாலும் ஒரே ஆண் அத்தனை குட்டிகளுக்கும் தந்தையாக இருக்க முடியும். குட்டி சன்குளோ அல்ல என்று தெரிந்து, ஹைப்போ ஆணிடம் அல்பினோ இல்லை என்பதும் அல்பினோ ஆணிடம் ஹைப்போ இல்லை என்பதும் உறுதியானால் மட்டுமே, இரண்டு தந்தையர் என்று அடித்துச் சொல்லலாம்.

இப்போது சாதாரணக் குட்டிகள். உங்கள் பெண் அல்பினோவைச் சுமக்கிறது என்பதில் ஐயமில்லை. அல்பினோ குட்டிகள் பிறந்ததே அதற்குச் சான்று. அல்பினோ ஆணுக்குப் பிறந்த சாதாரணக் குட்டி 100 சதவீத ஹெட். மறைவாக அல்பினோவைச் சுமக்கும் ஹைப்போவுக்குப் பிறந்திருந்தால், மூன்றில் இரண்டு வாய்ப்பு, அதாவது 66 சதவீதம். ஹைப்போ ஆணிடம் அல்பினோ இல்லாமலிருந்தால் தாயிடமிருந்து மட்டும் வரும் பாதி வாய்ப்பு, அதாவது 50 சதவீதம். எந்தக் குட்டி யாருடையது என்று தெரியாதபோது, எல்லாச் சூழலிலும் பொய்யாகாத மிகக் குறைந்த எண்ணையே எழுத வேண்டும். ஐந்து ஹைப்போ குட்டிகளுக்கும் இதே விதிதான். அல்பினோ எந்த வம்சம் என்பதையும், அதாவது காஹ்லா ஷார்ப்பா என்பதையும், மறக்காமல் குறிப்பிடுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாதவை.

முந்தைய ஆண்டின் மோட்லி ஆணைப் பற்றி: ஆண்டு கடந்த சேமிப்பு பாம்புகளில் நடக்காத ஒன்றல்ல. பிடிபட்ட பிறகு ஐந்து ஆண்டுகள் ஆணையே பார்க்காத ஒரு வைரமுதுகுக் கிலுகிலுப்பை விரியன் (ராட்டில்ஸ்நேக்) 19 குட்டிகளை ஈன்றதும், அவற்றுக்குத் தந்தை ஒன்று இருந்ததும் மரபணுச் சோதனையில் தெரிந்து 2011இல் வெளியானது. ஆனால் அதை அப்படியே போவாவுக்குப் பொருத்த வேண்டாம். உங்கள் விஷயத்தில் எளிய சான்று ஒன்று உண்டு: மோட்லி பார்வைக்குத் தெரியும் பண்பு, அதன் குட்டிகளில் பாதி மோட்லியாக இருந்திருக்கும். ஒரு சாதாரணக் குட்டியை மட்டும் அது தந்திருக்கலாம் என்று வாதிடலாம். ஐந்து தந்து அவற்றில் ஒன்றுகூட மோட்லியாக இல்லாமல் போக 32இல் ஒரு வாய்ப்புத்தான்.

ஆணில்லாமலே பெண் ஈனும் கன்னி இனப்பெருக்கமும் போவாவில் உண்டு. ஆண்களுடன் வைக்கப்பட்டிருந்த ஒரு பெண் போவா, தன் அரிய கேரமல் நிறத்தையே கொண்ட 22 பெண் குட்டிகளை இரண்டு ஈற்றுகளில் தந்ததும், அவற்றில் எந்த ஆணின் மரபணுவும் இல்லை என்பதும் 2010இல் அறிவிக்கப்பட்டன. போவாக்களில் பாலைத் தீர்மானிப்பது எக்ஸ், ஒய் முறை என்று 2017இல் தெரிந்த பிறகு, அவை அனைத்தும் பெண்ணாக இருந்ததற்கான காரணமும் விளங்கியது: தாயிடம் எக்ஸ் மட்டுமே உண்டு. தாயிடம் இல்லாத ஹைப்போ உங்கள் குட்டிகளில் இருப்பதால், குறைந்தது அந்தக் குட்டிகளுக்கு இந்தச் சந்தேகம் எழாது.

உறுதி வேண்டுமென்றால் இரண்டு வழிகள் உள்ளன. தாய், இரண்டு ஆண்கள், ஒவ்வொரு குட்டி ஆகியோரின் உரித்த சட்டைகளைத் தனித்தனியாக நிழலில் உலர்த்தி, பெயரும் தேதியும் எழுதிய காகித உறைகளில் வையுங்கள். நெகிழிப் பை வேண்டாம். சென்னையின் ஈரக் காற்றில் பூஞ்சை பிடித்து மரபணு சிதையும். தந்தைமைச் சோதனைக்கு அந்தச் சட்டை போதுமானது. இன்னொரு வழி, ஹைப்போ ஆணை அடுத்த பருவத்தில் ஓர் அல்பினோ பெண்ணுடன் மட்டும் சேர்ப்பது. ஓர் அல்பினோ குட்டி பிறந்தாலும் அந்த ஆண் ஹெட் என்பது உறுதி. இருபது குட்டிகளில் ஒன்றுகூட வராவிட்டால் இல்லை என்றே கொள்ளலாம். ஆனால் அந்தப் பெண் முன்பு எந்த ஆணுடனும் விடப்படாததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இதே சந்தேகம் மறுபடியும் முளைக்கும்.

விற்பதற்கு முன் ஒரு சட்ட விஷயம். 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் போவாக்கள் வருகின்றன. வைத்திருப்பதையும், பிறப்பையும், கைமாற்றுவதையும் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும். தாயும் ஆண்களும் பதிவாகாமல் இருந்தால், ஹெட் சதவீதத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்பு அதைச் சரிசெய்யுங்கள்.

இந்தப் பெண்ணை வரும் கார்த்திகையில் மறுபடி எந்த ஆணுடனும் விட வேண்டாம். 19 குட்டிகளைச் சுமந்த உடல், இழந்த எடையை மீட்க ஓர் ஆண்டாவது ஆகும். அதற்குப் பிறகு ஒரே ஆணுடன் மட்டும் விடுங்கள். அப்போதும் அடுத்த ஈற்றின் குறிப்பேட்டில் ‘முன்பு மூன்று ஆண்களுடன் விடப்பட்டது’ என்ற வரி இருக்க வேண்டும்.