செய்திகளில் எதற்கெடுத்தாலும் 'கொந்தளிப்பு' என்று எழுதுவது ஏன்?

கொந்தளிப்பு என்றால் கடல் அலைகள் ஒழுங்கில்லாமல் எழுந்து மோதும் நிலை. செய்தியாளர்கள் அதைச் சந்தைக்கும் அரசியலுக்கும் எடுத்துக்கொண்டார்கள். 2008 செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலானபோது பங்குச்சந்தையில் கொந்தளிப்பு. 2022இல் எரிபொருள் கிடைக்காமல் இலங்கை மக்கள் தெருவுக்கு வந்தபோது அங்கேயும் கொந்தளிப்பு.

தலைப்பில் இடம் குறைவு, நிலைமையோ மணிக்கு மணி மாறுகிறது. அந்த நேரத்தில் இந்த ஒரு சொல் வேகத்தையும் நிலையின்மையையும் சேர்த்துச் சொல்லிவிடும். அளவை மட்டும் சொல்லாது. அடுப்பில் பால் பொங்கும்போது நுரை தெரியும், எவ்வளவு பால் என்று தெரியாது, அதுபோலத்தான். சந்தை அரை சதவீதம் இறங்கியதற்கும் இதே சொல்லைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம், கொந்தளிப்பு என்றாலே வன்முறை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கொந்தளித்த இளைஞர்கள் பல நாள் அமைதியாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.