சாவி கை மாறும் முன்: பழைய வண்டி விற்பவர்களுக்குக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வண்டி விற்றவர்களுடையது. தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் விற்பவர், அந்தப் பக்கம் வாங்குபவர், நடுவில் ஒரு செல்போன். சுருக்கித் தந்திருக்கிறேன்.

ஸ்கூட்டரை 42,000 ரூபாய்க்குப் பேசி முடித்தேன். வாங்குபவர் ராணுவத்தில் இருக்கிறாராம், நேரில் வரமாட்டாராம். க்யூஆர் படம் அனுப்பி, "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் ஏறிடும்" என்கிறார். போடலாமா?
– வாசகி, பொள்ளாச்சி

போடாதீர்கள். யூபிஐ பின் எண்ணைப் போட்டால் பணம் போகும், வராது. வண்டியைப் பார்க்காமல், விலையும் குறைக்காமல் வாங்குகிறேன் என்பவர் வண்டிக்காக வந்தவர் அல்ல.

பல்சர் வாங்க வந்தவர் 68,000 அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் காட்டினார். எனக்கு எஸ்எம்எஸ்ஸும் வந்தது. பேலன்ஸ் மட்டும் ஏறவில்லை. "சர்வர் டவுன்" என்றார். வண்டியைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். நல்ல பார்ட்டியைக் கெடுத்துவிட்டாய் என்று அண்ணன் திட்டுகிறார்.
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

நீங்கள் செய்ததுதான் சரி. பச்சை டிக், "டிங்" சத்தம், உங்கள் பெயர் எல்லாவற்றையும் காட்டும் போலி ஆப்கள் புழக்கத்தில் இருக்கின்றன. அந்த எஸ்எம்எஸ்ஸை மறுபடி திறந்து, அனுப்பியது யார் என்று பாருங்கள். வங்கிச் செய்தி எழுத்துகளாலான பெயரில் வரும். பத்து இலக்க செல் எண்ணிலிருந்து வந்திருந்தால், தெருமுனையில் நின்ற கூட்டாளி தட்டி அனுப்பியது.

உண்மையிலேயே அனுப்பியிருந்தால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் இருக்கும். அதை வாங்கி உங்கள் வங்கியில் கேட்கலாம். யூபிஐ பணம் நடுவில் சிக்கினால் மறுநாளுக்குள் அனுப்பியவர் கணக்குக்கே திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019இல் போட்ட விதி. ஆக, ஒரு நாள் பொறுப்பதால் நேர்மையான ஆளுக்கு நட்டம் எதுவும் இல்லை. அண்ணனிடம் இதைக் காட்டுங்கள்.

காரை 3,40,000க்குத் தென்காசிக்காரருக்குப் பேசியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். ரொக்கமா, ஜிபேயா?
– வாசகர், செங்கோட்டை

இரண்டும் வேண்டாம். ஆளுக்கு ஆள் அனுப்பும் யூபிஐக்குப் பொதுவான உச்சவரம்பு நாளுக்கு ஒரு லட்சம். ரொக்கமாக இரண்டு லட்சமோ அதற்கு மேலோ வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். அதைக் கட்ட வேண்டியவர் வாங்கிய நீங்கள், கொடுத்தவர் அல்ல.

ஆர்டிஜிஎஸ் (பெரிய தொகைக்கான வங்கிப் பரிமாற்றம்) போடச் சொல்லுங்கள். குறைந்தபட்சம் இரண்டு லட்சம் என்பதால் உங்கள் தொகைக்குப் பொருந்தும். 2020 டிசம்பர் முதல் ஞாயிறும் இரவும் நடக்கிறது, ஆனால் விடுமுறை நாளில் கிளை மூடியிருக்கும். அவரிடம் நெட்பேங்கிங் இருக்க வேண்டும். புதிதாகச் சேர்த்த கணக்குக்குப் பல வங்கிகள் முதல் 24 மணி நேரம் பெரிய தொகையை விடாது. எனவே வெள்ளிக்கிழமையே உங்கள் கணக்கைச் சேர்த்து ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஒரு ரூபாய் யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

பைக்கை விற்றேன். 90,000 ரூபாய் மூன்று வேறு பெயர்களிலிருந்து வந்தது. "மச்சான் கணக்கு, நண்பர் கணக்கு" என்றார். பணம் வந்துவிட்டதே என்று வண்டியைக் கொடுத்துவிட்டேன். பத்து நாளில் வேறு மாநில சைபர் போலீஸ் என் கணக்கை முடக்கிவிட்டது. சம்பளமும் அதில்தான் விழுகிறது.
– வாசகர், களியக்காவிளை

உங்கள் மேல் தப்பில்லை என்றாலும் அலைச்சல் உங்களுக்குத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே.

எங்கோ ஒருவரிடம் ஏமாற்றிப் பறித்த பணம் நாலைந்து கணக்குகள் வழியாக ஓடும். கடைசியில் அதை வைத்து ஒரு பொருளை வாங்கிவிட்டால், பணம் பொருளாகிவிடும், திருடன் நழுவிவிடுவான். சட்டென்று கைமாறும் பைக் அதற்குத் தோதான சரக்கு. ஏமாந்தவர் சைபர் மோசடி உதவி எண்ணான 1930இல் புகார் சொன்னதும், பணம் போன கணக்குகளையெல்லாம் வங்கிகள் வரிசையாக முடக்கும். நீங்கள் பைக் விற்றவர் என்பது அந்த வரிசையில் தெரியாது, கணக்கு எண் மட்டுமே தெரியும். ஆகவேதான் ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன்: ஆர்சி (வண்டியின் பதிவுச் சான்று) யார் பெயருக்கு மாறப்போகிறதோ, பணம் அவர் கணக்கிலிருந்து மட்டும் வர வேண்டும். மச்சான் கணக்கில் இருக்கும் பணத்தை மச்சான் முதலில் அவருக்கு அனுப்பட்டும்.

இப்போது செய்ய வேண்டியது: கிளைக்கு நேரில் போய் புகாரின் ஒப்புகை எண், எந்தக் காவல் நிலையம், சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். விற்பனை ஒப்பந்தம், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இன் நகல், வாங்கியவரின் அடையாள நகல், வாட்ஸ்அப் பேச்சு, மூன்று வரவும் தெரியும் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் இணைத்து விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். முழுக் கணக்கையும் விட்டு அந்தத் தொகையை மட்டும் நிறுத்தி வைக்கும்படி கேளுங்கள். நகர்வில்லை என்றால் வக்கீல் வைத்து நீதிமன்றம்தான். "பணத்தைத் திருப்பி அனுப்பு, கேஸை முடிக்கிறேன்" என்று யாராவது போனில் பேசினால் அது இரண்டாவது மோசடி. சம்பளத்தை வேறு வங்கிக் கணக்குக்கு மாற்றச் சொல்லிவிடுங்கள்.

புரோக்கர் மூலம் குமுளிக்காரருக்கு ஜீப்பைக் கொடுத்துவிட்டேன். படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தேன். பேர் மாற்றியதும் மீதி 20,000 தருவதாகச் சொன்னார். நான்கு மாதமாகப் போனை எடுப்பதில்லை. நேற்று எனக்கு அபராத எஸ்எம்எஸ் வந்தது.
– வாசகர், கம்பம்

வெற்றுப் படிவத்தில் கையெழுத்தா? இதை எத்தனை தடவை எழுதுவது?

ஆர்சியில் பெயர் மாறும்வரை உரிமையாளர் நீங்கள்தான். அந்த ஜீப் யார் மேலாவது மோதினால் நஷ்டஈடு கேட்டு உங்கள் வாசலுக்கு வரலாம். பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. வேறு மாநிலத்துக்கு விற்றால் படிவம் 28இல் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வேண்டும், அதில் வண்டிச் சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்தெடுத்த அச்சு ஒட்டணும். வண்டியையே கொடுத்துவிட்டு அச்சுக்கு எங்கே போவீர்கள்? அட்வான்ஸ் வாங்கி, பாக்கி அபராதம் கட்டி, என்ஓசி எடுத்து, முழுப் பணமும் ஏறிய அன்று வண்டி: இதுதான் வரிசை.

இப்போதைக்கு, விற்ற தேதியும் வாங்கியவர் விவரமும் எழுதி உங்கள் ஆர்டிஓவுக்கும் காவல் நிலையத்துக்கும் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். ஃபாஸ்டேகை இன்றே மூடுங்கள். அவர் ஊர் சுற்ற உங்கள் காசு சுங்கம் கட்ட வேண்டாம்.

(ஆறே மாதத்தில் காயலான் கடைக்குப் போன என் மொபெட்டை யாரிடம் வாங்கினேன் என்று கேட்ட கோவிந்தாபுரம் வாசகருக்கு: அதை விடுங்கள், அடுத்த கேள்விக்குப் போவோம்.)

செக் போட்டதும் "வரவு" என்று எஸ்எம்எஸ் வந்துவிட்டது. ஆர்சியைக் கொடுக்கலாமா?
– வாசகர், வேலந்தாவளம்

செக் கிளியர் ஆகி, அந்தப் பணத்தை எடுக்க முடிந்த பிறகு கொடுங்கள். பவுன்ஸ் ஆனால், வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அவருக்கு 15 நாள், அதன்பின் ஒரு மாதத்துக்குள் வழக்கு. வண்டி அதற்குள் மூன்று கை மாறியிருக்கும்.

வாங்குபவர் தவறுதலாக 10,000 கூடுதலாக அனுப்பிவிட்டாராம். வேறு எண்ணுக்குத் திருப்பி அனுப்பச் சொல்கிறார்.
– வாசகி, புளியரை

முதலில் பேலன்ஸ் பாருங்கள், பெரும்பாலும் எதுவும் வந்திருக்காது. வந்திருந்தாலும் நீங்களாக அனுப்ப வேண்டாம். தன் வங்கியில் அவரே புகார் கொடுக்கட்டும்.