கத்தியின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: ஹிட்லர் இளைஞர் அமைப்பின் கத்தி ஒன்று, உறையுடன் விலைக்கு வந்திருக்கிறது. அலகின் ஒரு பக்கம் 'எம்7/66', 1939; மறுபக்கம் 'ரத்தமும் மானமும்' என்ற ஜெர்மன் வாசகம். வாங்கலாமா?

பதில்: கையைப் பையிலிருந்து எடுங்கள்! இந்தக் கத்தி 1933இல் வந்தது. அந்த வாசகத்தை அலகில் பொறிப்பது 1938இல் நிறுத்தப்பட்டது. அப்படியிருக்க 1939ஆம் ஆண்டுக் கத்தியில் அது எப்படி ஏறியது? விலையை உயர்த்துவதற்காகப் பின்னால் யாரோ பொறித்திருக்கிறார்கள் என்றே நான் சந்தேகிப்பேன்.

எம்7 என்பது நாஜிக் கட்சியின் கொள்முதல் அலுவலகம் தந்த குறியீடு. 66 என்பது ஸோலிங்கன் நகரின் கார்ல் ஐக்ஹார்ன் நிறுவனம். தொடக்க காலக் கத்திகளில் இந்த எண் இருக்காது, தயாரிப்பாளரின் வணிக முத்திரை மட்டுமே இருக்கும்.

கைப்பிடியில் பதித்த, ஸ்வஸ்திகா உள்ள சாய்சதுரச் சின்னத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அசல் எனாமல், அதாவது சூட்டில் உருக்கிப் பதித்த கண்ணாடிப் பூச்சு, ஆழமாக மின்னும்; போலியில் வெறும் பெயின்ட், மேலாகத் தட்டையாகத் தெரியும்.

உறையை வைத்துக் காலம் சொல்வது கடினம். கறுப்பு வண்ணம் பூசிய எஃகு, மேலே இடுப்புவாரில் மாட்டும் தோல் பட்டை, அவ்வளவுதான். பெயின்ட் நேற்று அடித்ததுபோல் பளபளத்தால், அடியில் துரு மறைந்திருக்கலாம். வேறொரு கத்தியின் உறையை மாட்டி விற்பதும் சகஜம்.

ஜெர்மனியில் ஸ்வஸ்திகாவைப் பொதுவில் காட்டுவது குற்றம். அங்கே விற்பவர்கள் அதை மறைத்துத்தான் படம் போடுவார்கள். மறைத்த பகுதியின் படத்தைத் தனியாகக் கேட்டுப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.