மின்சந்தை கேள்வி–பதில்: விருதுக்கு எதை எழுதி அனுப்புவது?

கேள்வி: காற்றாலை மின்சாரத்தைச் சந்தையில் விற்றுத்தரும் சிறிய நிறுவனத்தில் இடர் மேலாண்மையைக் கவனிக்கிறேன். எரிசக்தி வணிகத்துக்கான ஆசிய அளவிலான விருது ஒன்றுக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார் எங்கள் இயக்குநர். வங்கிகளும் எண்ணெய் நிறுவனங்களும் போட்டியிடும் இடத்தில் எங்களுக்கு வாய்ப்பு உண்டா? எதை எழுதுவது?
– வாசகி, கோவை

பதில்: தயங்காமல் விண்ணப்பியுங்கள், சகோதரி. ஆனால் ஆண்டு லாபத்தை முதல் பத்தியில் வைக்காதீர்கள். இப்படிப்பட்ட விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுவில் சில ஆண்டுகள் இருந்தேன். வலுவான கட்டமைப்பு, நவீன மென்பொருள் என்ற பெருமை எல்லாவற்றிலும் இருக்கும். எந்த நாளில், எந்த விலையில், யார் என்ன முடிவெடுத்தார் என்பது மிகச் சிலவற்றில்தான் இருக்கும். நான் நிறுத்தி நிதானமாகப் படித்தவை அவைதான்.

அப்படி ஒரு நாள் உங்களிடம் நிச்சயம் இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தேடுங்கள். மறுநாளைக்கான சந்தையில் ஒரு நாளை 96 கால் மணித் துண்டுகளாகப் பிரித்து விற்றுவிட்டீர்கள். மறுநாள் மதியம் முப்பந்தலில் காற்று கணித்த அளவுக்கு வீசவில்லை. 2020 ஜூனில் தொடங்கிய நிகழ்நேரச் சந்தையில் அரை மணிக்கு ஒருமுறை ஏலம் நடக்கிறது. அங்கே வாங்கிப் பற்றாக்குறையை ஈடுகட்டினீர்களா, சொன்ன அளவு மின்சாரம் தராததற்கான விலகல் கட்டணத்தைச் செலுத்துவதே மேல் என்று விட்டுவிட்டீர்களா? அதை முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு, எவ்வளவு தொகை வரை? விலை யூனிட்டுக்கு 10 ரூபாய் உச்சவரம்பைத் தொட்டிருந்தால் என்ன திட்டம்? சும்மா இருந்திருந்தால் எவ்வளவு நட்டம், செயல்பட்டதால் எவ்வளவு? இந்த இரண்டு தொகைகளையும் வணிகப் பிரிவு சொல்லக் கூடாது. கணக்குப் பிரிவு சரிபார்த்துத் தர வேண்டும்.

பெரிய பெயர்களைக் கண்டு மலைக்காதீர்கள். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்த விலை பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது; அதாவது, விற்பவரே வாங்குபவருக்குப் பணம் தர வேண்டிய நிலை. பூஜ்ஜியத்துக்குக் கீழான விலையை ஏற்கத் தெரியாத மென்பொருள்களோடு அன்று பெரியவர்களும் திண்டாடினார்கள். எரிசக்தி வணிகம் செய்த என்ரான் நிறுவனத்தை அமெரிக்காவின் மிகப் புதுமையான நிறுவனமாக ‘ஃபார்ச்சூன்’ இதழ் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து தேர்ந்தெடுத்தது. கடனையும் நட்டத்தையும் கணக்கில் மறைத்தது அம்பலமாகி, 2001 டிசம்பரில் அது திவாலானது. அதனால்தான் எந்த விண்ணப்பத்திலும் லாபத்தைப் பார்க்கும் முன் கட்டுப்பாடுகளைத் தேடினேன். நிறுவனம் தனக்கு விதித்துக்கொண்ட இடர் வரம்பு மீறப்பட்ட ஒரு நாளையும், அதை யார் கண்டுபிடித்தார் என்பதையும் எழுதியிருந்தால் அந்த நிறுவனத்தின்மேல் எனக்கு மதிப்பு கூடியது. நட்டத்தை மறைக்காதீர்கள்.

இன்னும் முடியாத ஒப்பந்தங்களின் விவரம் வெளியே போகக் கூடாது. காற்றாலை உரிமையாளரின் பெயரைக் குறிப்பிடுவதானால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பல விருதுக் குழுக்கள் வாடிக்கையாளரிடமே பேசி விசாரிக்கும். நுழைவுக் கட்டணம் உண்டா, விழாவுக்கு நிதி தருபவர்களுக்குத் தேர்வில் பங்கு இருக்கிறதா என்பதையும் இயக்குநர் முதலிலேயே கேட்டுவிடட்டும். பங்கு இருக்கிறது என்றால் அந்த விருது வேண்டாம்.

முதல் வரைவை விளம்பரப் பிரிவிடம் கொடுக்காதீர்கள். அன்று மதியம் திரைக்கு முன்னால் உட்கார்ந்து முடிவெடுத்தவரே எழுதட்டும். மொழியை மட்டும் மற்றவர்கள் திருத்தலாம்.